அடியில் கை கொடுக்காதே

மருத்துவக் கழிவு வண்டி வந்தால் எல்லோரும் வழி விடுவார்கள், நிற்க இடம் மட்டும் யாரும் தரமாட்டார்கள். இதே தொழிலில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், 'கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க' என்று கை காட்டும் டீக்கடைக்காரர் கண்முன் வருவார். வெளியூர் வேலையை விட்டு விருத்தாசலம் திரும்பிய நான், சுற்றுவட்டாரக் கிளினிக்குகளில் கழிவு எடுக்கும் வண்டிக்கு மேற்பார்வையாளன். ஓட்டுநர் சவரிமுத்து. இங்கிலீஷில் இருக்கும் விதிகளைத் தமிழில் சொல்வது என் வேலை. அதைக் கேட்க வைப்பது அவர் வேலை.

ஊறுகாய் ஜாடி

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கிளினிக். போட்ட ஊசிகளை, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் சேர்க்க வேண்டும். நர்ஸம்மா, நம்ம ஊர்ச் சூளையில் வாங்கிய பீங்கான் ஊறுகாய் ஜாடியில் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தார். அழகான ஜாடி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும், முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும், திரும்பத் திறக்கவே கூடாது, ஜாடி என்றால் கீழே விழுந்து உடையும் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஊசி குத்தாத டப்பான்னுதானே சொன்னீங்க? இந்த ஜாடிய எந்த ஊசி குத்திடும், காட்டுங்க சார்."

மஞ்சள் பை

சவரிமுத்து போகிற இடமெல்லாம் ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. பையைக் கழுத்தில் பிடி, உடம்பில் படாமல் தூக்கு, அடியில் கை கொடுக்காதே.

சேத்தியாத்தோப்பில் ஒரு கிளினிக்கில், ரத்தப் பஞ்சும் கட்டுத்துணியும் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் பையைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பியிருந்தார்கள். அவர் தூக்கியதும் அடி கிழியத் தொடங்கியது. பக்கத்து பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ரத்தப் பஞ்சு அவர்கள்மேல் கொட்டிவிடுமே என்று, பாடம் சொன்னவரின் கையே அடியில் போய்விட்டது. பஞ்சுக்குள் யாரோ போட்டிருந்த ஊசி, கையுறையைத் தாண்டி விரலில் ஏறியது. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேரே பெரியாஸ்பத்திரி. நோய் தொற்றாமலிருக்க அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். சில மாதம் கழித்து எடுக்கும் கடைசி ரத்தப் பரிசோதனை வரை எதுவும் உறுதியில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் பதறிக் கிளம்பியபோது அந்தக் கிளினிக் கம்பவுண்டர் ஆறுதலாகச் சொல்லியிருந்தார்:

"ஒரு ஊசிதாண்ணே, அதுவும் சின்னது."

முதுகுவலி

அந்த இடைவெளியில் சவரிமுத்துவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வூட்டில் ஊசி விஷயத்தை அவர் சொல்லவில்லை. முதுகுவலி என்று சாக்குச் சொல்லிப் பேத்தியைத் தூக்காமலே இருந்தார். அவர் மனைவி சகாயமேரி அக்கா நம்பி, தினமும் தைலம் தேய்த்துவிட்டார். தொடுவதாலோ தூக்குவதாலோ எதுவும் ஒட்டாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். டீக்கடைக்குத் தள்ளி நிறுத்திய காலி வண்டியில் சாய்ந்து நின்றபோது நானும் அதையே சொன்னேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"புரியுது சார். கைதான் கேக்க மாட்டேங்குது."

ரிப்போர்ட்டு

கடைசிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. கேட்டதும் வூட்டுக்குத்தான் ஓடியிருப்பார். ஆனால் சுமை ஏற்றிய வண்டி வழியில் வேறெங்கும் நிற்கக் கூடாது. கம்மாபுரம் வரை சுற்றி, கழிவு எரிக்கும் ஆலையில் சுமையை இறக்கி, குளித்து, சட்டை மாற்றி, அப்புறம்தான் போனார். என்னையும் கூப்பிட்டுப் போனார்.

நேரே தூளிக்குப் போய்ப் பேத்தியை அள்ளினார். அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை, அப்படியே நெஞ்சோடு. குழந்தை சட்டையை நனைத்தது. அப்போதும் இறக்கவில்லை. தைலப் பாட்டிலோடு வந்த சகாயமேரி அக்கா வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க, அப்ப அந்த முதுகு என்னாச்சு?"

கசிகிற ஒன்றை அடியில் கை கொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்குகிறவரைக் கண்டிக்க வேண்டியது மேற்பார்வையாளனின் கடமை, ஆனால் அன்றைக்கு நான் டியூட்டியில் இல்லை.