கழனிக்குப் போவதும் கழனி வேலைக்குப் போவதும்

விளையாட்டுச் செய்தி என்று சொல்லி யாராவது மைக்கை நீட்டினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிளஸ் டூ படிக்கும்போது விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன். ஓடி முடித்ததும் ஸ்பைக்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அடியில் ஆணி வைத்த ஷூ அது, ஓடுபாதையை விட்டு வெளியே வந்தால் போட்டு நடக்க முடியாது. அந்த நேரம் பார்த்து ஒரு யூடியூப் சேனல்காரர் வந்து சேர்ந்தார். எப்படி ஓடினாய் என்று மருந்துக்கும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அப்பா இன்னாம்மா பண்றாரு?"

"கழனிக்குப் போயிருக்காரு."

"கழனி வேலைக்குப் போறாரா?"

மூச்சிரைப்பில் தலையை ஆட்டிவிட்டேன். எங்கள் பக்கம் கழனிக்குப் போகிறவர் நிலத்துக்காரர், கழனி வேலைக்குப் போகிறவர் கூலிக்காரர். அந்த ஆளும் இந்த மாவட்டம்தான். தெரியாமல் இருக்காது.

சாயங்காலம் வீடியோ வந்தது. முகப்பில் என் வெறுங்கால். 'செருப்புக்கும் வழியில்லை! கூலித் தொழிலாளி மகளின் கண்ணீர் ஓட்டம்!' சோக இசை வேறு. நான் அழவே இல்லை, முகத்தில் வழிந்தது வியர்வை.

வளவனூருக்கு உரம் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார். கடைக்காரர் எல்லார் முன்னாலும், "பொண்ணுக்கு ஒரு ஜோடி செருப்பு நான் வாங்கித் தரட்டா?" என்று கேட்டாராம். அந்த ஸ்பைக்ஸை சென்னை வரைக்கும் போய் வாங்கி வந்தவரே அப்பாதான். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவன் மாத்திப் போட்டா போய் ஓடு. இல்லன்னா வீட்ல இரு."

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சேனலின் அலுவலகம். சேனல்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"எவ்ளோ பேர் பாத்துக்கினு இருக்காங்க தெரியுமா ஐயா? சொந்த நெலம் வச்சிருக்கறவரு பொண்ணு ஜெயிச்சிச்சுன்னு போட்டா எவன் பாப்பான்? கஷ்டம் இருந்தாதான் ஷேர் பண்ணுவான்."

"எனக்கு இன்னா கஷ்டத்தப் பாத்த நீ? மாத்திப் போடுப்பா."

"போடறேங்க. பேஜாரு பண்ணாதீங்க."

மாற்றித்தான் போட்டார். 'கூலி வேலை செய்தே நிலம் வாங்கிய தந்தை! தங்கம் வென்ற மகள்!' தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து எங்களிடம் இருக்கும் நிலம் அது. ஆத்திரத்தோடு போனை அப்பாவிடம் நீட்டினேன். அப்பா பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு என்னை ஓட அனுப்பச் சொல்லி பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து கெஞ்சியும் அப்பா இறங்கி வரவில்லை.

மாநிலப் போட்டி நடந்த அன்று எங்கள் மேட்டு நிலத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் போய் ஆட்களோடு உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்தேன். பக்கத்தில், பல வருஷமாக எங்களிடம் கூலிக்கு வரும் அக்கா.

"இன்னிக்கி உனக்கு ஓட்டமாமே. போவலியாம்மா?"

"அப்பா வேணான்னுட்டாருக்கா. கூலிக்காரர்னு போட்டுட்டாங்கல்ல, அவருக்கு அவமானமா பூட்ச்சு."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அக்கா கையிலிருந்த செடியை மண் போக உதறினார்.

"எங்கள மாதிரின்னு சொன்னதுக்கா உன்ன ஓட வேணான்னுட்டாரு?"

சேனல்காரர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் அப்பா பக்கம் திரும்பியது. அப்பா வரப்பில்தான் நின்றிருந்தார். கேட்டும் கேட்காதவர் போல மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார்.