கால் பக்கம் முன்னால்

தையல் டேப்பின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையைக் கைப்பிடிச் சுவர் வரை இழுக்கிறார் முபின் பாய். கீழே புதுமனை புகுவிழா. பால் பொங்கி, பந்தியும் ஆரம்பித்தாயிற்று. வந்தவர்கள் எல்லாம் தரையின் பளபளப்பையும் சமையலறை மேடையையும் மெச்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் குனிந்து நிற்கிறார். வீட்டுக்காரர் பெருமை பொங்க அருகே வந்து, "எப்படி பாய் நம்ம வீடு?" என்று கேட்டுத் தொலைக்கிறார்.

"வீடு ஜோராத்தான் இருக்குது. ஆனா படி ரெண்டேமுக்கால் அடி. அதுலயும் இப்படி ஒரு திருப்பம். நாளைக்கு மாடில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எப்படிங்க கீழ இறக்கறது?"

நல்ல நாளும் அதுவுமாகக் கேட்கிற கேள்வியா இது? இப்படிக் கேட்டுக் கேட்டே திருவண்ணாமலையில் பாதிப் பேர் அவருக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் பத்திரிகையை நீட்டும்போதே, "டேப்பை மட்டும் கடையில வெச்சுட்டு வாங்க பாய்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

முபின் பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. ஆட்டோவுக்கு மேல்துணியும் காருக்கு சீட் கவரும் தைக்கிறவர். பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் கடை. கடை வாசலில் எந்நேரமும் ஒரு வேன் நிற்கும். பள்ளிவாசல்காரர்கள் கூடி வாங்கி ஊருக்காக விட்ட ஆம்புலன்ஸ் அது. வேனை ஓட்டுவது அடி அண்ணாமலைக்காரரான வல்லரசு. உள்ளே இருப்பவற்றுக்கெல்லாம் பொறுப்பு முபின் பாய். கூப்பிட்டால் பாதித் தையலில் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவார். பதினாலு வருடமாக ஓடுகிறார். ஓடும்போதெல்லாம் யாரையாவது திட்டிக்கொண்டேதான் ஓடுகிறார்.

வேனில் நாலு வகை ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. நாலுக்கும் அவரே பேர் வைத்திருக்கிறார். சமதரையில் உருட்டிப் போவது 'சக்கரம்'. குறுகலான படியில் ஆளை உட்கார வைத்தே இறக்குவது 'நாற்காலி'. நடுவில் இரண்டாகப் பிரிந்து, விழுந்தவரைப் புரட்டாமல் இரண்டு பக்கமும் அடியில் நுழைந்து மறுபடி சேர்ந்துகொள்வது 'கத்திரி'. மலைக்கும் மேடு பள்ளத்துக்கும், ஆளை உள்ளே கிடத்திக் கட்டித் தூக்குகிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், 'தொட்டி'. நாலுக்கும் வார்களைத் தன் மெஷினில் தானே தைத்திருக்கிறார். கடைக்கு வருகிற சீட் கவரில் ஒரு தையல் விட்டுப்போனாலும் போகும், அந்த வார்களில் போகாது.

எதை எடுப்பது என்பது போனிலேயே தெரிய வேண்டும். அதற்காக அவர் கேட்பது மூன்றே கேள்வி. எங்கே விழுந்தார், எது வலிக்கிறது, படி எப்படி? இந்த மூன்றுக்கும் ஊர் கொடுப்பது ஒரே பதில்: "சீக்கிரம் வாங்க பாய்!" திரும்பக் கேட்டால் கோபம் வேறு. "மனுசன் கெடக்கறாரு, நீங்க படியக் கேக்கறீங்களே!" என்று வைத்துவிடுவார்கள். "இந்த ஊர்ல அவசரம் ஜாஸ்தி, வெவரம் கம்மி" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தலையெழுத்தே என்று நாலையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

ஒரு சங்கத்தார் புத்தம் புதிய 'சக்கரம்' ஒன்றைக் கொண்டுவந்து, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் மயங்கி விழுகிறவர்களுக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். கொட்டை எழுத்தில் அவர்கள் பேர் இருந்தது. மலையில் இருப்பது கருங்கல் படி. "சக்கரத்த வெச்சு மலை மேல இன்னா பண்றது? சர்பத் விக்கறதா?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். அதோடு சங்கமும் பேச்சை நிறுத்திக்கொண்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். பொறுக்கவே முடியாதது ஒன்று உண்டு. படியிலோ சரிவிலோ இறக்கும்போது படுத்திருப்பவரின் கால்தான் முன்னால் போக வேண்டும். தலை மேட்டுப் பக்கம் இருக்கும், பின்னால் பிடிக்கிறவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஆனால் கால் பக்கத்தைத் திருப்பினாரோ இல்லையோ, வீட்டார் அத்தனை பேரும் அலறுவார்கள். வாசலைத் தாண்டிக் கால் முன்னால் போவது பிணம் அல்லவா? உயிரோடு இருப்பவரை அப்படிக் கொண்டுபோவதா? வலியில் ஆள் துடிக்க, அவரை நடுப்படியில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்து நடக்கும்.

"உங்க ஆளுங்க பொணத்தக் கால முன்ன வெச்சுத் தூக்கறீங்க. எங்க ஆளுங்க மையத்தத் தலைய முன்ன வெச்சுத் தூக்கறோம். ரெண்டு பேருக்கும் ஆகாதத விட்டா குறுக்காலதான் தூக்கணும். குறுக்கால தூக்கற அளவுக்கு எவன்யா இந்த ஊர்ல படி கட்டி வெச்சிருக்கான்?" இது அவர் மாதத்துக்கு நாலு முறையாவது சொல்கிற வசனம். வல்லரசு பக்கத்தில் நின்று, சத்தம் வராமல் கூடவே வாயசைப்பார்.

ராஜமாணிக்கம் விஷயத்தில் இதெல்லாம் ஒரே காலையில் வந்து சேர்ந்தது.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பின்னால் வீடு கட்டி, மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர் ராஜமாணிக்கம். முதல் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு, இடத்தை மிச்சம் பிடிக்க, இரும்பில் சுழல் படி வைத்தார். அந்த வீட்டுப் புகுவிழாவிலும் முபின் பாய் டேப்பை எடுத்தார். "ரெண்டேகால் அடி. இதுல ஒரு மூட்டையக்கூட இறக்க முடியாதுண்ணா" என்றார். "என் வீட்டுப் படில நான் எறங்கிக்கறேன். நீ உன் வேலயப் பாருடா" என்றார் ராஜமாணிக்கம். அன்றிலிருந்து மூன்று வருடம், கடைத்தெருவில் எதிரே வந்தாலும் இருவரும் பாராமுகம்தான்.

போன ஐப்பசி மழையில், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போன ராஜமாணிக்கம் பாசியில் வழுக்கி மொட்டை மாடியில் விழுந்தார். போன் செய்தவர் அவர் மனைவி ரேணுகாம்பாள். முபின் பாய் அன்று மூன்று கேள்வியும் கேட்கவில்லை. எந்த வீடு என்று தெரிந்ததும், "அந்தப் படிக்கு மேலயாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

போய்ப் பார்த்தால், இடது கால் கொஞ்சம் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இடுப்பு எலும்பு போயிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகம் வெளுத்து, வியர்வை வேறு. அதற்குள் யாரோ தூக்கி உட்கார வைக்கப் பார்த்திருக்கிறார்கள், இன்னொருவர் சோடா கொடுத்திருக்கிறார். "ஆபரேசனுக்குப் போற ஆளுக்கு எவன்டா சோடா குடுத்தான்?" என்று ஒரு சத்தம் போட்டு எல்லாரையும் விலக்கினார். 'நாற்காலி' ஆகாது, இடுப்பை மடக்கக் கூடாது. 'சக்கரம்' கேள்வியே இல்லை. 'கத்திரி'யை அடியில் நுழைத்து அலுங்காமல் எடுத்து, 'தொட்டி'யில் கிடத்தி, இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்து, வார் வாராகக் கட்டினார். சுழல் படியில் 'தொட்டி' திரும்பாது. பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெயிண்டர்களின் ஏணியை வாங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்த்து, முதல் மாடி முற்றத்துக்குச் சறுக்கிவிட ஏற்பாடு செய்தார். அங்கிருந்து கீழே போக அகலமான படி இருந்தது. 'தொட்டி'யின் தலைப்பக்கம் கட்டிய கயிறு, தண்ணீர்த் தொட்டித் தூணைச் சுற்றி வந்து வல்லரசின் கையிலும் பெயிண்டர்கள் கையிலும் இருந்தது. ராஜமாணிக்கத்தின் இரண்டு பாதங்களும் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தன.

கீழே நின்ற ரேணுகாம்பாள் அதைப் பார்த்தார். ஓடிவந்து ஏணியின் கீழ்ப் படியில் ஏறி நின்றுகொண்டார்.

"வேணாம் பாய்! கால முன்ன விடாதீங்க. தலைய முன்ன விடுங்க."

"இது சரிவும்மா. தலையக் கீழ விட்டா ரத்தம் மொத்தமும் தலைக்கு எறங்கும். கால் வெயிட்டு பூரா அந்த இடுப்பு மேல வந்து உக்காரும்."

"இன்னா ஆனாலும் சரி. எங்க மாமனாரு செத்தப்ப இப்படித்தான் கொண்டு போனாங்க. என் கண்ணால பாத்தேன். நான் எறங்க மாட்டேன்."

குறுக்கால தூக்குகிற வசனம் முபின் பாயின் தொண்டை வரை வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எவ்வளவு ரத்தம் கசிகிறதோ, எவ்வளவு நேரம் தாங்குமோ யாருக்குத் தெரியும்? அந்த அம்மாவின் முகத்தில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. வசனத்தை விழுங்கினார்.

"ரேணுகாம்மா, பொணம் பேசுமா?"

"இன்னா பேச்சு பாய் இது?"

"பேசாது இல்ல? அண்ணன் பேசிக்கினே வரட்டும். பேச்சு நின்னுதுன்னா நானே திருப்பறேன்." பிறகு உள்ளே குனிந்து, "அண்ணா, எதுனா பேசு" என்றார்.

"இன்னாடா பேசறது? உசுரு போவுது" என்று முனகினார் ராஜமாணிக்கம்.

"மூணு வருஷமா என்னைத் திட்டணும்னு வெச்சினிருப்பியே, அத எடுத்து விடு."

ரேணுகாம்பாள் ஏணியை விட்டு இறங்கினார். ராஜமாணிக்கம் ஆரம்பித்தார். முபின் பாயின் டேப்பைத் திட்டினார், நாக்கைத் திட்டினார், புகுவிழாவன்று அவர் கேட்ட கேள்வியைத் திட்டினார், பிறகு படி வைத்த வெல்டரின் பரம்பரைக்குப் போனார். ஏணிக்குப் பக்கத்திலேயே இருந்த சுழல் படியில், இடுப்பு இடிக்க இடிக்க, 'தொட்டி'யின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே இறங்கிக்கொண்டிருந்தார் முபின் பாய்.

பாதி ஏணியில் பேச்சு நின்றது.

கயிறும் நின்றது. கீழே ரேணுகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டார். முபின் பாய் 'தொட்டி'க்குள் எட்டிக் குனிந்தார். திருப்பிவிடுவதாகச் சொன்ன வாக்கு வேறு இருக்கிறது.

"அண்ணா! உன் படி இன்னா அகலம்? அண்ணா!"

ராஜமாணிக்கத்தின் உதடு அசைந்தது. "ரெண்டேகால்… தெரியாத மாதிரி கேக்கறான் பாரு…"

"விடு வல்லரசு, விடு!" என்று கத்தினார் முபின் பாய்.

ராஜமாணிக்கம் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். சுழல் படி அப்படியே இருக்கிறது. கேட்டால், பிரித்து மாட்ட நல்ல நாள் அமையவில்லை என்கிறார். இதை நினைத்தாலே முபின் பாய்க்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அடுத்த தபா விழட்டும், இறக்கவே மாட்டேன், ரெண்டு இலை போட்டு அங்கயே பந்தி வெச்சுட்டு வந்துடறேன்" என்கிறார். ஆனால் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் யாரையும் திட்டுவதில்லை.

வேனில் 'தொட்டி'யைச் 'சக்கரம்' மீது வைத்துத் தலை முதலில் ஏற்றியிருந்ததால், இறக்கும்போது கால்தான் வெளியே வந்தது. வாசலில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண், கையிலிருந்த அரிவாளோடு எழுந்தே விட்டாள். "ஐயோ, உசுரோட இருக்கற மனுசன கால முன்ன நீட்டி எறக்கறீங்களே! திருப்புங்கய்யா!" பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வழக்கமான வசனத்துக்காக முபின் பாய் வாயைத் திறந்தார்.

அதற்குள் ரேணுகாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நீ பேசிக்கினே வாய்யா" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, அவருடைய இரண்டு பாதங்களையும் தன் இரண்டு கைகளால் பிடித்து வயிற்றோடு அணைத்தபடி, பின்னோக்கி நடந்து ஆஸ்பத்திரிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.