ஆறு விருந்துக்கு வந்த கதை

இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயசிலேயே, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். ஆனால் கவலைப்பட யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழைய ரப்பர்த் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. ஈப்போவில் துணி வெளுக்கும் டோபிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் இரண்டு தடவை அதை எட்டிப் பார்ப்பேன். மழைக்கு இப்போதெல்லாம் மாசம் தெரிவதில்லை.

தஞ்சோங் மாலிமிலிருந்து பல்கலைக்கழக ஆட்கள் வந்து, பாலத்தூணில் தண்ணீர் அளக்கும் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். தண்ணீர் ஏறினால் பெட்டி என் போனுக்குச் சொல்லும். நான் லயத்து வாட்சப் குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், என் மெசேஜை யாரும் படிப்பதில்லை. கடலே இல்லாத ஈப்போவுக்குச் சுனாமி வருகிறது என்று முன்பு அனுப்பியவள் நான். "நீர்மட்டம் உயர்கிறது" என்று போட்டேன். ஒரே ஒருத்தர் பதில் போட்டார், ரோஜாப்பூவோடு காலை வணக்கம்.

கடைசி வீட்டு அண்ணனை நினைத்துத்தான் எனக்குப் பயம். சர்க்கரையில் ஒரு கால் போய்ச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவர் வீடுதான் ஆற்றுக்கு ஆகக் கிட்டே. மற்றவர்கள் ஓடிவிடலாம். அவர்?

ஒருநாள் எரிச்சலில் ஆறே பேசுவதுபோல் எழுதினேன்: "மச்சான், சட்டை மாட்டிட்டேன், கெளம்புறேன்." மழை வலுத்ததும், "பாலத்துக்கிட்ட வந்துட்டேன். கோழி அடிச்சாச்சா?"

குழு பிடித்துக்கொண்டது. "வெறும் தேத்தண்ணிதான்லா" என்றார் ஒருவர். "போன தடவ வந்தப்ப என் செருப்பத் தூக்கிட்டுப் போனியே, அதக் கொண்டா மொதல்ல" என்றாள் ஓர் அக்கா.

நன்றாகத்தான் போனது, மழையால் நான் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த அந்த மத்தியானம் வரை. போனில் பெட்டி சிவப்புக் காட்டியது, ஆபத்து என்று. "வாசலுக்கு வந்துட்டேன்" என்று போட்டேன். சிரிப்பு முகமாக வந்து குவிந்தது. ஒருத்தரும் நகரவில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட சூனியம்! மறுபடி தட்டினேன்: "என் புள்ளைங்க நாலையும் கூட்டிட்டு வாரேன். ஒன்னு விடாம நோண்டுவானுங்க."

அவ்வளவுதான். அடங்காத பிள்ளைகளோடு சொந்தம் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் செய்வதைச் செய்தார்கள். டிவி அலமாரி மேல் ஏறியது. கண்ணாடிச் சாமான் பரணுக்குப் போனது. ஏற்றும்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தார்கள், வாழைக்குத்து முழங்கால் தண்ணீரில் நின்றது. அப்புறம் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்டிலிருந்த பள்ளி மண்டபத்துக்கு நடந்தார்கள்.

கடைசி வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் மட்டும் அசையவில்லை.

"விருந்தாளி வர்ற நேரத்துல வீட்டுக்காரன் ஓடுனா மரியாதையா, தங்கச்சி?"

"வெளையாடாதீங்கண்ணே. தண்ணி படிக்கு வந்துருச்சு."

"நீதானே கூப்புட்ட? நீயே கவனி."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. வாயில் வந்ததோ வேறு.

"வர்றது யாருன்னு தெரியுமாண்ணே? பீடோர் மச்சான். கரோக்கே பெட்டியோட."

பீடோர் டவுனில் இருக்கும் அந்த மச்சான் அவர் மனைவியின் தம்பி. வந்தால் ஒரு வாரம் தங்குவார். பல் விளக்கும்போதுதான் மைக்கைக் கீழே வைப்பார்.

"அவனா? ஏன்டி நிக்கிற, தள்ளு வண்டிய!"

மேட்டில் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினோம். மண்டபத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் யாரோ போனில் படம் காட்டினார்கள். அண்ணன் படுக்கிற கட்டில் தண்ணீருக்குள் இருந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டி, ஈரத் தலையைத் துவட்டச் சொன்னார்.

சாயங்காலம் மண்டப வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. வெள்ளச் சேதி கேட்டு, பீடோரிலிருந்து நிஜமாகவே மச்சான்!

"மாமா, ஏறுங்க. தண்ணி வடியற வரைக்கும் நம்ம வீட்லதான்."

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாள்ல வடியும், தங்கச்சி?"

"பெட்டி சொன்னாத்தான் தெரியும்ணே."

"கொஞ்சம் சீக்கிரமா சொல்லச் சொல்லுலா."