மழை லீவு

பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்த காலத்தில் எனக்கு உசுருக்கு உசுராக இருந்தது தீபாவளி போனஸ் இல்லை, மழை லீவுதான். இதை அப்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், எங்கள் வேனில் வந்த பொம்பளைகள் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

எனக்குக் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை. மருந்தில் முக்கியெடுத்த கம்பிகளைச் சட்டத்தோடு கொண்டுபோய் வெயிலில் காயவைக்க வேண்டும். வெயில் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. அதனால் காலையில் தாயில்பட்டி ரோட்டில் வேன் திரும்பியதுமே எல்லோர் கண்ணும் வானத்தில் இருக்கும். மேற்கே லேசாகக் கறுத்துவிட்டால் போதும், என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிவிடுவாள். "இங்கன வந்த, பிச்சுப்புடுவேன் பிச்சு! மலைக்கு அங்கிட்டுப் போயிப் பெய்யி!" வீட்டுக்குள் நுழைந்த கோழியை விரட்டுகிற மாதிரிதான் மேகத்தை விரட்டுவாள். வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறு காரணத்துக்காக.

என் வீட்டுக்காரருக்கு மானாவாரி விவசாயம். கரிசல் காடு. கிணறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. ஆக ஒரே வீட்டில் ஒருத்தருக்கு மழை வேண்டும், ஒருத்திக்கு மழை வேண்டாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, எங்கள் குடும்பம் அதுதான்.

மழை பெய்தால் வேன் வராது. அதே மழையில் கரிசல் மண் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், செருப்பை உருவிக்கொண்டு விடும். அதனால் அவராலும் காட்டுக்குள் இறங்க முடியாது. பிள்ளைகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடும். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் முகம் பார்ப்பதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு என்று பெயர்தான். அழுக்குத் துணி குவிந்து கிடக்கும், அவர் காட்டில் கிடப்பார். இருவரும் சேர்ந்து சும்மா இருக்கிற நாள் என்றால் அது மழை நாள் ஒன்றுதான்.

அந்தப் பகலை என்னவென்று சொல்ல! ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம். அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கும். தட்டாம்பயறை வறுத்துத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். மனுசன் அப்பட்டமாகக் கள்ளாட்டம் ஆடுவார். நான் பயறை எடுக்கத் திரும்பினால் அவருடைய காய் இரண்டு கட்டம் தாண்டியிருக்கும். கேட்டால், "நடந்தே போயிருச்சு, நான் என்ன செய்ய?" என்பார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம்.

ஆனால் முகத்தில் காட்ட மாட்டேன். உர்ரென்றுதான் உட்கார்ந்திருப்பேன். கூலி போன நாளில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இவளுக்கு வேலைக்குப் போகவே உடம்பு வளையவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். காடு பொய்த்த வருசங்களில் என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. அவரும் பேசியதில்லை. ஆனாலும் அது வீட்டுக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்தது.

ஒரு வருசம் புரட்டாசி முழுக்கக் காய்ந்தது. அதற்கு முந்தின வருசமும் விளைச்சல் இல்லை. விதை மூட்டை வீட்டு மூலையில் அப்படியே இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அவருடைய அண்ணன், கடைப் போனுக்குக் கூப்பிட்டு வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "தீவாளிக்குள்ள வெதப்பு விழலன்னா கெளம்பிர வேண்டியதுதான்."

திருப்பூர் போனவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி மாதிரி வந்து போவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவர் இல்லாத வீட்டில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனோம். சன்னதியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆத்தா, தீபாவளி சீசன் எக்கேடு கெட்டுப் போகட்டும், மழையைக் கொடு, இவரை என்னோடு இருக்கவிடு. அவர் என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. காட்டை நம்பிய சம்சாரி வேறு என்னத்தைக் கேட்கப்போகிறார்?

மறுநாளிலிருந்து வேனில் எனக்குப் பெரிய சங்கடம். தீபாவளிக்குப் பத்து நாள்தான் பாக்கி. கம்பெனியில் ஆர்டர் நெருக்குகிறது. அத்தனை பொம்பளைகளும் வெயிலுக்கு வேண்டிக்கொண்டு வர, நடுவில் நான் ஒருத்தி மழையை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் வந்தது பாருங்கள் மழை! மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேடை முழுக்க மத்தாப்புச் சட்டம் காய்கிறது. எல்லோரும் பதறியடித்து எழுந்தோம். கம்பெனிக்குள் சரக்கோடு ஓடக் கூடாது, உரசினால் வினை. போர்மேன் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்: "ஓடாதீக! ஓடாதீக! நடந்து வாங்க!" கொட்டுகிற மழையில், வெறுங்காலோடு, ஆளுக்கொரு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நாங்கள் வந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பாதிச் சரக்கு நனைந்தே போனது.

ஷெட்டில் எல்லோரும் தலையில் கைவைத்து நிற்க, என் முகம் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. அந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏய், நாங்க வயிறெரிஞ்சு நிக்கோம். நீ என்னடி பல்லக் காட்டிக்கிட்டு நிக்க?"

அவள் காதோடு சொல்லிவிட்டேன். திருப்பூர் விசயம், விதை மூட்டை, இருக்கன்குடி எல்லாம். "அடிப்பாவி, மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் வேற அந்த மேகத்த அம்புட்டு ஏசியிருக்கேனே" என்றாள். பிறகு வெளியே பார்த்து, "சரி சரி, பெய்யி" என்று உத்தரவு கொடுத்தாள்.

வேனை விட்டு இறங்கி, முழங்கால் வரை சேறோடு வீட்டுக்கு வந்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, குதிச்சுக்கிட்டு நிப்பீகன்னு பாத்தா இப்படி உக்காந்திருக்கீக?"

"ஒனக்குச் சீசன் போச்சே" என்றார். "இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பெய்யக் கூடாதா? ஆத்தாகிட்ட அதத்தான் கேட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "எதக் கேட்டீக?"

"தீவாளி வரைக்கும் மழை வேணாம்னு."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? வெதை என்னத்துக்காகும்? திருப்பூருக்குப் போறதுக்கா அம்புட்டு ஆசை?"

"ஆசையாவது ஒண்ணாவது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மழை லீவுன்னா நீ மூஞ்சியத் தூக்கிருவ. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து பாக்கேன். வெளிய மழை பெய்யும், எனக்கு உள்ள நிறைஞ்சிருக்கும், ஒன் மூஞ்சியப் பாத்தா அம்புட்டும் வடிஞ்சிரும். கரிசக்காட்டுக்காரன்டி நான். ஒனக்காக மழையவே ஏசியிருக்கேன்."

நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பாவி மனுசன்! எனக்கு மழை லீவு என்றால் எவ்வளவு இஷ்டம், அவரோடு வீட்டில் கிடக்கிற அந்த ஒரு பகலுக்காக எத்தனை நாள் மேகத்தைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன், ஏன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன் என்று எல்லாவற்றையும் அழுகையும் மூக்குச்சளியுமாகக் கொட்டித் தீர்த்தேன். மழை விடவில்லை, நின்று பெய்துகொண்டிருந்தது. விதைப்புக்குத் தாராளமாகப் போதும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. திருப்பூர் பற்றி இனிமேல் பேச்சில்லை.

அவர் எனக்கும் இடம் விட்டுப் படியில் நகர்ந்து உட்கார்ந்தார், தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"எம்புட்டு மழைய வீணாக்கிட்டோம்" என்றார்.