வரன் மையத்தின் பழைய வாசல்

காந்திபுரத்தில் ஒரு வரன் பார்க்கும் மையம். தங்கள் இணையதளம் பத்திரமானதுதான் என்று கையெழுத்துப் போட்டுத் தர என்னை அழைத்திருந்தார்கள். தளங்களில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். ஒரு தளத்தின் கிளை முகவரிகளை எல்லாம் என் கருவி தேடி எடுத்துவிடும். எதில் பழைய மென்பொருள் ஓடுகிறது, எந்த வழியாக உள்ளே நுழையலாம் என்பதையும் சொல்லிவிடும்.

அன்று ஒன்பது கிளைகள் வந்தன. உரிமையாளருக்குத் தெரிந்தவை மூன்றுதான். மிச்சத்தில் ஒன்று, புதுத் தளம் கட்டியபோது மூடாமல் விட்ட பழையது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. பெண்களின் படம், ஜாதகம், வீட்டு விலாசம். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம், அலுவலகத்தார் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. “நிறம் கம்மி.” “அக்கா ஓடிப்போனவள்.” “பல் எடுப்பு, நகை கூடக் கேட்கலாம்.” சீ! மாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்குள் கையை மறைத்துத்தான் விலை பேசுவார்கள்.

என் அப்பாவும் இங்கேதான் என்னைப் பதிந்திருந்தார். தேடினேன். இருந்தேன். “நிச்சயம் நின்றுபோனது. பெண்ணிடம்தான் ஏதோ கோளாறு.” நின்றதற்குக் காரணம் மாப்பிள்ளையின் குடி. அதை அப்பாவே இவர்களிடம் வந்து சொல்லியிருந்தார். 

உரிமையாளரைக் கூப்பிட்டு அந்தப் பழைய தளத்தைக் காட்டினேன். அப்பா வயதுக்காரர். “ஏனுங்க அம்மணி, அதுக்கு எங்கயும் லிங்க்கே கெடையாதுங்களே. யாருங்க தேடிப் பாக்கப்போறாங்க?” என்றார்.

“நான் பாத்தனுங்களே. அஞ்சு நிமிசந்தான் ஆச்சுங்க. நானும் அதுல இருக்கறனுங்க. மொத்தமா மூடுங்க.”

“அய்யய்யோ! நம்மூட்டுப் புள்ளைங்களா நீங்க? தெரியாமப் போச்சுங்க. காப்பி குடிங்க கண்ணு, இதோ வாரேன்.” மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

உள்ளே போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். “செஞ்சுபோட்டனுங்க. கையெழுத்தப் போட்டுருங்க.”

மறுபடியும் அதே வரியைத் தட்டினேன். பழைய தளம் அப்படியே திறந்து கிடந்தது. நிறம் கம்மியானவள் இருந்தாள். அக்கா ஓடிப்போனவள் இருந்தாள். என்னை மட்டும் காணோம்.

கையெழுத்துப் போடாமல் எழுந்தேன்.  படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார், உண்மையாகவே புரியாமல்.

“உங்குளுத எடுத்துட்டமுங்களே, அப்பறம் என்னங்க அம்மணி?”