ஆணியில் தொங்கிய தூக்குவாளிகள்

எங்கள் குவாரியில் மதியம் ஒரு மணிக்கு வெடி. அதற்கு முன்னால் ஒருவனும் தூக்குவாளியைத் திறக்கக் கூடாது. இது அரசாங்கச் சட்டம் இல்லை, சந்தனச்செல்வி அத்தை போட்ட சட்டம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அலைதடுப்புக்குப் போடும் கல்லை, சாத்தான்குளத்துக்கு மேற்கே உடைக்கிற குவாரி அது. அத்தைக்குக் கொடி காட்டும் வேலை. சிவப்பு நின்றால் வெடிக்காது. பச்சை அசைந்தால் ஜெயசிங் சார் பொத்தானை அமுக்குவார். கொடி போக, பக்கத்துத் தெரு வீடுகளின் சுவர் விரிசல் மேல் காலண்டர் தாளை ஒட்டி வைப்பாள். வெடித்த பிறகு போய்ப் பார்த்து, தாள் கிழிந்திருந்தால் சார் முன்னால் வந்து நிற்பாள்.

“சார், மருந்தக் கொறைங்க. பிரேமா வீட்டுச் செவரு வாயத் தொறந்துட்டு.”

அவர் குறைப்பார். குறைக்காவிட்டால் மறுநாள் பச்சைக் கொடி காணாமல் போகும்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன். பதினெட்டு முடிந்ததும் தண்ணீர் டேங்கரில் சேர்ந்தேன். லாரித் தடத்தில் தூசி கிளம்பாமல் நனைப்பது வேலை. நடந்து போகிறவர்களை நனைப்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

“ஏலே மகாராசா, தூசிக்குத் தண்ணி விடச் சொன்னா என் சேலைக்கு விடுத” என்பாள் அத்தை. மறுநாளும் நனைப்பேன்.

குழியில் இறங்குகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு உண்டு. அத்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“கையெழுத்த அடுத்தவனுக்காவப் போடுவானுவ. சோத்த அடுத்தவனுக்கு விடமாட்டானுவ.”

அதனால் கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்தாள். காலையில் வந்ததும் வாளியை அதில் மாட்ட வேண்டும். சைரன் ஊதியதும் ஏறி வந்து எடுக்க வேண்டும். ஒரு வாளி மிஞ்சினால் ஓர் ஆள் குழிக்குள் இருக்கிறான். எல்லா ஆணியும் காலியானால்தான் பச்சை.

அடுத்தவன் சோற்றில் கை வைக்கிறவனும் ஒருத்தன் இருப்பான் என்று அத்தை நினைக்கவில்லை.

போன புரட்டாசியில் ஒரு நாள், அய்யாக்குட்டி அண்ணன் வாளியை டேங்கர் சீட்டுக்கடியில் ஒளித்தேன். அவர் கல்லில் துளை போடுகிறவர். தினமும் வாளியை ஆணியிலிருந்து எடுக்கும்போதே வீட்டுக் குழம்பை ஏசுவார். வாளியையே காணாவிட்டால் என்ன ஏசுவார் என்று கேட்க ஆசை.

சைரன் ஊதியது. வாளிகள் இறங்கின. ஆணிகள் காலி. பச்சைக் கொடியைப் பிரித்த அத்தை அப்படியே நின்றாள்.

“அய்யாக்குட்டி எங்கல? இன்னும் கொழம்ப ஏசலையே.”

டேங்கரிலிருந்து இறங்கி ஓடினேன். “அத்த, அவரு வாளி எங்கிட்ட இருக்கு.”

அடிப்பாள் என்று நினைத்தேன். சிவப்புக் கொடியை என் கையில் திணித்தாள்.

“நான் ஏறி வார வரைக்கும் எறக்காத. கை வலிச்சாலும் எறக்காத. சார், நீங்க வெடிப்பெட்டிச் சாவியக் கழத்திப் பையில போடுங்க.”

மருந்து நிரப்பிய குழிக்குள் தனியாக இறங்கிப் போனாள். அதுவரைக்கும் நான் ஒழுங்காகச் செய்த வேலை என்று எதுவும் கிடையாது. அன்றைக்குக் கொடியைப் பிடித்தேன். கை வலித்தது, கொடி இறங்கவில்லை.

அண்ணனுக்குக் காய்ச்சல். கல் குவியலின் நிழலில் தூங்கியிருக்கிறார். மெஷின் இரைச்சலுக்கு அத்தையே கொடுத்த பஞ்சு காதில் இருந்ததால் சைரன் கேட்கவில்லை. அத்தையின் தோளைப் பிடித்து ஏறி வந்தவர், காலி ஆணியைப் பார்த்தார்.

“எவம்ல என் சோத்தத் தின்னது?”

அத்தை நோட்டை எடுத்து எழுதினாள்: ‘வாளியை வைத்து ஆள் கணக்குப் பார்த்தது என் தப்பு.’

“எம் பேரையும் எழுதுங்க அத்த.”

“ஒன்ன எழுதி என்ன செய்ய? நீ போனா இன்னொரு மகாராசன் வருவான்.”

மறுநாள் முதல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்த பிறகே பச்சை. சோறு வெடிக்கு அப்புறம்தான்.

இந்தச் சித்திரையோடு குவாரியின் குத்தகைக் கெடு முடிந்தது. குழியைச் சுற்றி வேலி போட்டு வேப்பங்கன்று வைத்தார்கள். அதற்குத் தண்ணீர் விட்டதுதான் எங்கள் டேங்கரின் கடைசி வேலை. அத்தை பக்கத்தில்தான் நின்றாள். நனைக்கவில்லை.

இப்போது நான் துறைமுகத்தில் லாரி கிளீனர். அலைதடுப்பில் எங்கள் குவாரிக் கல் எது என்று தெரியாது. எல்லாமே என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மணிக்கு அத்தையிடமிருந்து போன் வரும்.

“சாப்டியால?”

“தின்னுட்டுதான் இருக்கேன்.”

அத்தைக்கு அது போதாது. போனை வைக்க மாட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருக்கும்.

“கொழம்பா அத்த இது? கழனித்தண்ணி.”

“சரி, வையி” என்பாள்.