பியருக்குப் போர்த்திய போர்வை

வினுஷா வென்றவை மூன்று பரிசு ரிப்பன்கள். ஆஸ்திரேலியாவின் டண்டினொங்கில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் கொடுத்தவை. ஆஸ்பத்திரிக்கு இரவு வேலைக்குப் போகும் தாதி, இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு சொட்டும் குடிக்காத வீட்டு மருமகள். இப்படி ஒருத்தியை அந்தச் சங்கத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு ரிப்பன்களும் கணவன் சுஜீதனின் பெயரில் இருக்கின்றன. அவனுக்கு ஈஸ்ட் எது, பேக்கிங் பவுடர் எது என்று தெரியாது.

"உன்ர பேரைப் போட்டால் கோயிலில நான் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று மாமியார் யோகா கேட்டிருந்தார். சாமி அறை உள்ள வீட்டுக்குள் பியர் வாளி வரக்கூடாது, பின்வளவுக் கொட்டிலோடு நிற்கவேண்டும் என்பதும் மாமியின் சட்டம்தான்.

வினுஷாவின் அண்ணன் கேதீஸ்வரனுக்கு அதைக் கேட்டாலே கொதிக்கும். வினுஷா கொதிக்கவில்லை. கொட்டிலின் குளிரை அளந்து பார்த்தாள். மூன்றாம் முறை அவள் எடுத்தது கடும் கறுப்புப் பியர். குளிரில் மெல்ல நொதிக்கும் லாகர் பியர் போலத் துப்புரவாகத் தொண்டையில் இறங்கவேண்டிய வகை. லாகர் ஈஸ்டுக்குத் தனிக் குளிர்ப்பெட்டி வேண்டும். அதற்கு இடமில்லை. ஏல் எனும் மற்ற வகைப் பியருக்கான ஈஸ்ட் சூட்டில் அவசரப்பட்டுப் பழவாசனை விடும். அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில், கொட்டிலில் அடங்கி நடக்கும் என்று கணக்குப் போட்டாள்.

"சரி வந்தால் இந்தமுறை என்ர பேர்தான், அண்ணா."

கணக்குப் பாதிவரை வந்தது. பிறகு குளிர் கூடிவிட்டது. கேதீஸ்வரன் வந்து பார்த்தபோது வாளியில் ஒரு குமிழ்கூட இல்லை. ருசி பார்த்தால் சீனிப்பாணி மாதிரி இனிப்பு; ஈஸ்ட் சீனியைத் தின்று முடிக்கவில்லை.

"நான் என்ர ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோறன். அங்க ஹீட்டர் இருக்கு."

"காரில குலுங்கினால் உள்ளதும் போச்சு, அண்ணா."

குசினி வாசலில் நின்ற மாமி கேட்டார்: "என்ன, செத்துப்போச்சோ?"

"இல்லை மாமி. விறைச்சுப்போய்ப் படுத்திருக்குது."

மாமி உள்ளே போய், தன் கட்டிலில் கிடந்த மின்சாரப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "இதைச் சுத்து பிள்ளை. பழுதாய்ப் போனால் என்ர மகன்ர பேரெல்லே நாறும்."

"அப்ப என்ர பேரைப் போடுறன், மாமி."

மாமி பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போடு. பிழைச்சால் உன்ர பேர். சரி வந்தால் எங்கட வீட்டின்ர பேர்."

"அன்ரி, நீங்கள் இரவைக்கு எதைப் போர்க்கிறது?" என்று கேதீஸ்வரன் கேட்டார்.

"உம்மட கம்பளி ஜம்பரைக் கழட்டித் தாரும்."

போர்வையின் சூட்டில் ஈஸ்ட் கண் விழித்தது. இனிப்பு வடிந்ததும் வினுஷா போர்வையைக் கழற்றி, வாளியைத் திரும்பக் குளிரில் ஆறவிட்டாள். கேதீஸ்வரன் நுனிநாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தார். அடுப்பில் வெந்து முறுகிய பாண் கரையின் ருசி.

அந்தப் பியருக்குக் கிடைத்த முதல் பரிசு ரிப்பன் இன்று வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்டால், "பிள்ளையின்ர கைப்பக்குவத்துக்குக் கிடைச்சது" என்று மாமி சொல்லி நிறுத்திவிடுவார்.

கேதீஸ்வரனுக்கு அதைவிடப் பெரிது, போட்டிக்குப் போத்தல்களைக் கொடுத்த நாள். படிவத்தில் காய்ச்சியவர் என்ற இடத்தில் வினுஷா முதன்முறையாகத் தன் பெயரில் கையெழுத்திட்டாள். பக்கத்தில் நின்ற அவர், கீழே அவள் எழுதிய திகதியைச் சரிபார்த்தார்: 2023 ஆகஸ்ட் 19.